நாலாவது எண்

தென்காசிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஜெசிந்தா வேதியியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு மாலை, பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மினி பஸ் ஓட்டும் சுடலைமுத்து. அவருடைய மகள் மதிவதனி ஜெசிந்தாவிடம் பதினோராம் வகுப்பு படித்தவள். போன மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள்.

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

வந்தார். உட்காரவில்லை.

“டீச்சர், காத்துக் கணக்குன்னு ஒண்ணு உண்டாமே. எனக்கு அதைச் சொல்லித் தரணும்.”

“வாயு விதியா? உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?”

“காய்ச்சல் வர்றதுக்கு முந்தின சாயங்காலம் அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தா. தப்பா வருது, தப்பா வருதுன்னு அழிச்சி அழிச்சிப் போட்டா. கடைசில சரியா வந்துட்டு. எப்பா, இங்க வாங்க, எப்படி வந்துச்சுன்னு காட்டுறேன்னு கூப்பிட்டா. உங்கப்பனுக்கு என்ன தாயி புரியும்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.”

ஜெசிந்தா கரும்பலகையைத் துடைத்தாள்.

“எதுவரை படிச்சீங்க?”

“எட்டு.”

“வகுத்தல் தெரியுமா?”

“மறந்திருக்கும்.”

“அதுலேருந்து ஆரம்பிப்போம்.”

அதன்பிறகு, வண்டியை விட்டு இறங்கியதும் அவர் பள்ளிக்கு வந்துவிடுவார். மாணவர்கள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்காருவார். சுண்ணக்கட்டியை பீடி மாதிரி பிடிப்பார். வகுத்தல் திரும்ப வந்தது. பின்னம் வர ரொம்ப நாளாயிற்று. ஜெசிந்தா அவசரப்படுத்தவில்லை.

ஒரு நாள், மதிவதனிக்குக் கொடுத்திருந்த அந்தக் கணக்கையே பலகையில் எழுதினாள்.

“மூடின சிலிண்டர்ல காத்து இருக்கு. இருபத்தேழு டிகிரி சூட்டுல மூணு அலகு அழுத்தம். நூத்து இருபத்தேழு டிகிரி ஆனா அழுத்தம் எவ்வளவு? சூடு ஏறினா அழுத்தமும் அதே விகிதத்துல ஏறும். முதல்ல இருந்த சூடு, அழுத்தம். பிறகு இருக்கிற சூடு. மூணும் தெரிஞ்சா நாலாவது வந்துடும்.”

சுடலைமுத்து போட்டார். பதினாலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

“தப்பு,” என்றாள் ஜெசிந்தா.

“வகுத்தது சரிதானே?”

“வகுத்தது சரி. ஆரம்பிச்ச இடம் தப்பு. நாம பூஜ்யம்னு சொல்றது தண்ணி உறையற இடம். குளிர் அதோட நிக்காது. அதுக்கும் கீழ இருநூத்து எழுபத்து மூணு டிகிரி போகும். அங்கேருந்து எண்ணணும்.”

“மதியும் இங்கதான் தப்பு விட்டாளா?”

“எல்லாரும் இங்கதான் விடுவாங்க.”

இரண்டு எண்ணோடும் இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டினார். முந்நூறு. நானூறு. விரலால் பெஞ்சில் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் எழுதினார். நாலு.

விடை வந்ததும் சட்டென்று பெஞ்சுகள் பக்கம் திரும்பினார். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார்.

பெஞ்சில் யாரும் இல்லை.

சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரியான விடை,” என்றாள் ஜெசிந்தா.

“டீச்சர், மூணு தெரிஞ்சா நாலாவது வந்துடும்னீங்க.”

“ஆமா.”

“எங்க வீட்டுல நாலு பேரு. இப்ப நான், என் வீட்டுக்காரி செல்லக்கனி, பையன். செல்லக்கனி இன்னும் நாலு தட்டு வைக்கா. மூணுல சாப்பிடுறோம். நாலாவதைக் கழுவிக் கவுத்து வைக்கா. பையன் பயந்துபோய்ப் பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு அவகிட்ட என்ன சொல்லன்னு தெரியல.”

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து, ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்தாள். தண்டைப் பின்னால் இழுத்து, அதன் வாயை விரலால் அடைத்து, தண்டை அழுத்தினாள். விட்டதும் அது பழைய இடத்துக்குத் திரும்பியது.

“இதுக்குக் கணக்கு உண்டா?”

“உண்டு. மூடியிருக்கே.”

விரலை எடுத்தாள். தண்டைப் பாதிவரை அழுத்தினாள். காற்று மெல்லிய சத்தத்தோடு வெளியேறியது. மறுபடி வாயை அடைத்து, தண்டை விட்டாள். அது பாதியிலேயே நின்றது.

“இப்ப பழைய எண்ணை வெச்சுக் கணக்குப் போடுங்க.”

“எப்படிப் போட? பாதிக் காத்துதான் போயிட்டே.”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் சிரிஞ்சைக் கையில் வாங்கினார். அவள் விரலை எடுக்கும் முன்னே தன் கட்டைவிரலால் அதன் வாயை அடைத்துக்கொண்டார்.

“அப்ப இதுக்கு இனிமே கணக்கே கிடையாதா?”

“உண்டு. மிச்சம் இருக்கறதை அளந்து, அங்கேருந்து புதுசா ஆரம்பிக்கணும்.”

சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

“போனதை எங்க எழுதுறது டீச்சர்?”

“இந்தக் கணக்குல அதுக்கு இடமில்லை அண்ணாச்சி.”

சுடலைமுத்து கட்டைவிரலை எடுக்கவே இல்லை.