குற்றாலிங்கத்தின் கெண்டைக்கால்

"சாமி, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு."

குற்றாலிங்கம் இதைச் சொல்லாத நாளில்லை.

சாமி, மடத்துக்கு வருமுன் கபடி ஆடியவர். சீடரான குற்றாலிங்கத்தைவிட இளையவர். பேச்சும் சுருக்கம்.

"நிக்கிற அன்னைக்குத் தீட்சை" என்றார்.

குற்றாலிங்கமோ, தீட்சை வாங்காமல் திரும்ப மாட்டேன் என்று மைத்துனனிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார். வெறுங்கையோடு போனால் அவன் ஊரைக் கூட்டிச் சிரிப்பான் என்று சாமியிடமும் புலம்பியிருந்தார்.

விரதத்தை இறுக்கினார். உப்பை விட்டார். தண்ணீரைக் குறைத்தார். பந்தியில் மோர் ஊற்ற வந்தால் கையால் மறித்தார்.

சித்திரை வெயில். தகரக் கொட்டகை. அதற்குள் விடிந்ததிலிருந்து உச்சிவரை பத்மாசனம். கால் மரத்தாலும் அசைவதில்லை.

சாமி எட்டிப் பார்த்தார்.

"காலை நீட்டி மடக்கும் வே. மோர் குடியும்."

"மோர் குடிச்சா மனசு நிக்குமா சாமி?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது, பாவம்.

மறுநாள் உச்சிப்பொழுதில் வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. சதை கல்லாக இறுகியது.

அவர் போட்ட கத்தலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

"குண்டலினி ஏறிட்டு!" என்று சமையல்கட்டிலிருந்து ஆட்கள் கைகூப்பிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

சாமி அவர்களை விலக்கினார். குற்றாலிங்கத்தின் காலை நீட்டினார். முழங்காலை அழுத்திக்கொண்டு, பாதத்தை அவர் முகத்தைப் பார்க்க மெல்ல வளைத்தார்.

"மனசு எங்க வே இருக்கு?"

"கால்ல!"

"வேற எங்கயும் போகுதா?"

"எங்க சாமி போகும்? அங்கயேதான் நிக்கி!"

"மைத்துனன்?"

"எந்த மைத்துனன்?"

சாமி வளைத்த பாதத்தை விடவில்லை. சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இதமாகத் தேய்த்துவிட்டார்.

குற்றாலிங்கம் கண்ணீரைத் துடைத்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"சாமி, மனசு நின்னுட்டு! தீட்சை?"

சாமி உள்ளே போனார்.

திருநீற்றுத் தட்டோடு வருவார் என்று குற்றாலிங்கம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

வந்தது ஒரு செம்பு மோர். உப்புப் போட்டது.

"இந்தாரும்."

விரதம் நினைவுக்கு வருமுன்பே அண்ணாந்துவிட்டார். கடைசிச் சொட்டுவரை நிறுத்தவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு செம்பை நீட்டினார்.

"சாமி, இன்னும் கொஞ்சம் தீட்சை இருக்கா?"