மாடிக்குரிய வரிகள்

ஆரோன் ஐயர் சொன்ன அந்தக் கதையை ஞானாபரணம் பல வருஷங்களாக நம்பவில்லை. தன் வாயை அடைப்பதற்காக ஐயர் அன்றைக்குக் கட்டிவிட்டது என்றே நினைத்திருந்தார்.

கடலோரத்துச் சின்ன சபை அது. ஆரோன் ஐயர் அங்கே போதகராக வந்தபோது, ஜெர்மனியில் ஆர்கன் படித்துத் திரும்பிய புதிது. கையோடு ஒரு பாட்டையும் கொண்டுவந்திருந்தார். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துப் பழைய பாட்டு. பைபிளில் உள்ள சங்கீதம் ஒன்றை ஜெர்மன் மொழியிலேயே இசையமைத்தது. ஆழத்தில் கிடக்கும் ஒருவன் கடவுளைக் கூப்பிடுகிறான். காவல்காரன் விடியலுக்குக் காத்திருப்பதைவிட அதிகமாகக் காத்திருக்கிறான். பாட்டு முழுக்க அவ்வளவுதான். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடினார்கள்.

அதற்கு இரண்டு குழு வேண்டும். ஒன்று கீழே, பலிபீடத்துக்குப் பக்கத்தில். இன்னொன்று எதிரே, வாசலுக்கு மேலுள்ள மாடியில். கீழே இருப்பவர்கள் கூப்பிடுவார்கள். மாடி பதில் கொடுக்கும்.

ஞானாபரணம் கீழே நின்றார். அவர் தம்பி சத்தியநேசன் மாடியில் நின்றான். இருவருக்கும் அச்சாக ஒரே குரல். ஒரே ஆள்தான் படியேறி ஓடி ஓடிப் பாடுகிறான் என்று சபையார் கேலி செய்வார்கள்.

மாடிக்குழு மெல்ல மெல்லக் கரைந்தது. ஒருவர் துபாய் போனார். பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். கடைசியாக சத்தியநேசன் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்கறி வாங்க இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆளில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

அந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் ஆகமன ஞாயிற்றுக்கும் ஐயர் அதே பாட்டைத்தான் எடுத்தார்.

ஒத்திகையில் கீழ்க்குழு முதல் வரியைப் பாடி முடித்தது. ஐயர் நிறுத்தவில்லை. மாடிக்குரிய வரிக்கு ஆர்கனின் அடிநாதத்தை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். மேலே குரலில்லாமல் அது தனியாக நடந்தது.

ஞானாபரணத்துக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் வரியைத் தானே பாடிவிட்டார்.

ஐயர் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார்.

"அது உங்க வரி இல்ல, ஞானாபரணம்."

"பாட ஆளில்லாதப்ப யாரு பாடினா என்ன ஐயரே?"

"உங்க வரிய மட்டும் பாடுங்க."

"அப்ப ரெண்டு குழுவையும் ஒண்ணா சேத்து எழுதிக் குடுங்க. இப்படி வெறுமனே நிக்க என்னால ஆகாது. மாத்த மாட்டீங்கன்னா நாளையிலேருந்து நான் வரல."

"அண்ணனும் போயிட்டா கீழயும் ஆர்கன் தனியாத்தான் நடக்கணும்" என்றாள், பக்கத்தில் நின்று பாடும் ரூபவதி. நாலு பேர் சிரித்தார்கள். ஐயர் மற்றவர்களை அனுப்பிவிட்டு ஞானாபரணத்தை உட்காரச் சொன்னார்.

"இந்தப் பாட்டு பொறந்த பக்கம் ஒரு சின்ன ஊர்" என்று ஆரம்பித்தார். "பெரிய சண்டை. அது ஓய்ஞ்சதும் கொள்ளைநோய். மாடியில பாட ஒருத்தரும் இல்ல. ஒரே குழுவுக்கு மாத்தி எழுதச் சொல்லி மூப்பர்மாருங்க பாட்டு வாத்தியாரக் கேட்டாங்க. எழுதினாரு."

"எழுதினாருல்ல?"

"நல்லாவே எழுதினாரு. பாடி முடிச்சதும் நெசவுக்காரர் ஒருத்தரோட பெண்சாதி அவர்கிட்ட வந்துச்சு. அவங்க வீட்டுக்காரரைப் பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிருந்தாங்க. 'ஐயா, அவரு வந்தா இனிமே எங்க நின்னு பாடுவாரு'ன்னு கேட்டுச்சு."

"வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"நேரா வீட்டுக்குப் போயி, புதுசா எழுதினத அடுப்புல போட்டாரு."

"அப்புறம்?"

"அடுத்த ஞாயிறு பழையபடி பாடினாங்க. மாடியோட முறை வந்தப்ப எல்லாரும் மாடியப் பாத்து நின்னாங்க."

ஞானாபரணம் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஐயர் ஆர்கனை மூடினார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் ஞானாபரணம் போனார். மாடியின் முறை வந்தபோது எல்லோரும் மாடியைப் பார்த்து நின்றார்கள். தம்பியின் வரியை ஞானாபரணம் பாடவில்லை.

ஐயர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். குழு ஞானாபரணத்தின் பொறுப்புக்கு வந்தது. கதை மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நெசவுக்காரர் பெண்சாதி சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை காலம் யார் காப்பாற்றி வைத்திருப்பார்கள்? எந்த ஊர் அது? கோயிலைப் பார்க்க வந்த ஜெர்மன்காரர்களைக் கேட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்கள்.

நம்பாமலே ஒவ்வொரு ஆகமனத்துக்கும் மாடியைப் பார்த்து நின்றார். போகப்போக அந்த நேரத்துக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருக்கத் தொடங்கினார். வரியை ஆரம்பிக்கும்போது சத்தியநேசன் ஒரு மயிரிழை முந்துவான். அந்த அவசரம் மாடியைப் பார்த்து நிற்கும்போதுதான் அவர் காதில் கேட்டது.

இந்த வருஷம் ரூபவதியின் மகள் எஸ்தர்ராணி கேட்டாள்.

"மாமா, இப்ப ஆளு இருக்கே. நாங்க கொஞ்ச பேரு மாடிக்குப் போறோம். வரியெல்லாம் பாடமாயிடுச்சு."

"சத்தியநேசன் வரிய யாரு பாடறது?"

"புதுசா வந்திருக்காரே, ஸ்கூல் சார். அவரு."

"பாக்கலாம்" என்றார். பார்க்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் பாக்கலாம் என்றார். அவள் முகம் சுருங்கியதைக் கண்டார். மறுநாள் காலையில், ஓய்வுபெற்று தஞ்சாவூரில் இருக்கும் ஆரோன் ஐயரைத் தேடிப் பஸ் ஏறினார்.

ஐயருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. காபி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அந்த சார் குரல் எப்படி?"

"நல்ல குரல்."

"சத்தியநேசனவிடவா?"

ஞானாபரணம் டம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்சம் மேல்தான்."

"சரி. கதை நெசமான்னு கேக்கத்தானே வந்தீங்க? கேளுங்க. இத்தனை வருஷமா தொண்டையிலயே வெச்சிருக்கீங்க."

அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். பொய் என்று ஐயர் சொல்லிவிட்டால் திரும்பிப் போய் எஸ்தர்ராணியிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"ஐயரே, அந்த ஊர்லயும் என்னைக்காவது மாடிக்கு வேற ஆளுங்க ஏறியிருப்பாங்கல்ல, அன்னைக்கு அந்த நெசவுக்காரர் பெண்சாதி கோயிலுக்கு வந்துச்சா?"