மைத்துனருக்காக உடைப்பில் நிற்பவர் யார்?

ராஜா சோமகேசரிக்கு அச்சுதப்பர் என்று ஒரு மைத்துனர். தின்பதைத் தவிர அவர் வேறு வேலை பார்த்து யாரும் கண்டதில்லை. அவருக்கு மேலப்பள்ளத்து ஏரி மணியக்காரர் ஆகிவிட ஆசை வந்தது. கரையையும் மதகையும் காக்கிற வேலை அது. ஊர்ச்சபையில் கைதூக்கித்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ராஜா தன் அவை விகடர் தாண்டவராயரை அழைத்தார். "மந்திரி, சேனாபதி எல்லாரும் சபையில் வந்து மைத்துனருக்கு ஆதரவு சொல்லட்டும். ஏற்பாடு உம்முடையது. அவர் தோற்றால் நீர் நாட்டை விட்டு நடையைக் கட்டும்."

தாண்டவராயர் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தார். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது? அச்சுதப்பர் ஜெயித்தாலோ, அடுத்த மழைக்கு ஊரே போய்விடும். மேலப்பள்ளம் போய் விசாரித்துவிட்டு வந்து, அவையில் கைகட்டி நின்றார்.

"எல்லாம் தயார், மகாராஜா. அந்த ஊரில் ஒரு வழக்கம் மட்டும் உண்டு. யாருக்கு ஆதரவு சொல்கிறோமோ, அவர் காலத்தில் கரை உடைந்தால், சொன்னவர்தான் முதலில் உடைப்பில் இறங்கி நிற்கவேண்டும். மண்மூட்டை அப்புறம்தான் வரும்."

மந்திரிக்கு உடனே மூட்டுவலி கண்டது. சேனாபதி தமக்கு நீச்சல் தெரியாது என்றார். ராஜகுரு அன்று மௌனவிரதம் என்று சைகை காட்டினார்.

"சீ, கோழைகளா! நானே சொல்கிறேன்!" என்றார் ராஜா.

"உத்தமம், மகாராஜா. தங்களுக்கு இடம்கூடப் பார்த்துவிட்டேன். ஆழம் கொஞ்சம் அதிகம்."

ராஜா மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் அதிரசம் தின்றுகொண்டிருந்தார். ராஜா வெகுநேரம் பார்த்தார்.

"எதிர்த்து நிற்கிறவன் யார்?"

"சடையன். மடை திறக்கிற ஆள்."

"அவனுக்கு யார் ஆதரவு?"

"அவன் மாமியார்."

"மாமியாரா!"

"ஆமாம், மகாராஜா. வழக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றுவிட்டார்."

ராஜா கடைசியாக மைத்துனர் பக்கம் திரும்பினார். "அச்சுதப்பா, ஊர் வழக்கத்தில் தனக்குத் தானே ஆதரவு சொல்லத் தடை ஒன்றும் இல்லையே. நீயாவது சொல்லிக்கொள்ளேன்."

அச்சுதப்பர் அதிரசத்தைக் கீழே வைத்தார்.

"என்ன அத்தான் இது? என்னை நம்பியா என்னை உடைப்பில் இறங்கச் சொல்கிறீர்கள்?"

ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயர் கழுத்தில் போட்டார். "நீர் இங்கேயே இரும்" என்றார்.