வெள்ளி திரும்பி நின்ற கதை

அந்தக் காலத்தில் கோள்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொள்ளும். வானவெளி இப்போது போல வெறுமையாக இல்லை. அவர்கள் பிறந்தபோது கிளம்பிய தூசி அடங்காமல், ஈர விறகின் புகை மாதிரி எங்கும் மிதந்துகொண்டிருந்தது. ஒருவர் பேசினால் அந்தத் தூசி மெல்ல அதிர்ந்து, குரலை அடுத்தவர் காதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அப்பா ஞாயிறு நடுவில் எரிந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பாதையில் அவரைச் சுற்றி வந்தார்கள். காலடியிலேயே ஓடியவன் புதன். எண்பத்தெட்டு நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுவான். நின்று பேச அவனுக்கு ஏது பொழுது? வெகு தொலைவில் வியாழன் அண்ணன் இருந்தான். மற்ற பிள்ளைகள் எல்லோரையும் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டாலும் இடம் மிஞ்சும், அவ்வளவு பெரிய உடம்பு. அவனுக்கும் அப்பால் சனி, தூக்கக் கலக்கத்தில் நடப்பவனைப் போல, ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பது ஆண்டு எடுத்துக்கொண்டு வந்தான்.

இரண்டாம் பாதையில் வெள்ளி போனாள். மூன்றாம் பாதையில் புவி. இருவரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். உடம்பும் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்பாதையில் போகிறவள் என்பதால் வெள்ளியை அக்கா என்றாள் புவி. அக்கா வேகக்காரி. பத்தொன்பது மாதத்துக்கு ஒருமுறை தங்கையை எட்டிப் பிடிப்பாள், பக்கத்தில் வருவாள், பிறகு முந்திக்கொண்டு போய்விடுவாள். அந்தச் சில நாட்களுக்காகவே இருவரும் காத்திருப்பார்கள்.

"உன் கடல் எப்படி இருக்கிறது, அக்கா?"

"குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. உன்னுடையது?"

"இங்கேயும் அப்படித்தான். காற்று தொட்டால்தான் கொஞ்சம் சிலிர்க்கிறது."

வெள்ளிக்கு அவளுடைய கடல் என்றால் உயிர். அப்பாவின் வெளிச்சம் அதில் விழுந்து தகடு தகடாக மின்னுவதைப் பார்த்தபடியே பாதி ஆண்டைக் கழித்துவிடுவாள்.

பிள்ளைகளுக்கு அப்பா சொல்லி வைத்தது ஒன்றே ஒன்றுதான். "நான் சுழலும் பக்கமாகவே நீங்களும் சுழலுங்கள். நிற்காதீர்கள். நின்றால் என் சூடு ஒரே பக்கம் தங்கிவிடும். அப்புறம் நானே நினைத்தாலும் அதை எடுக்க முடியாது."

ஒருமுறை வெள்ளி பக்கத்தில் வந்தபோது, புவியின் பாதையில் அவளுக்குப் பின்னால் யாரோ வருவதைப் பார்த்தாள். செவ்வாய் அளவு இருப்பான். மேலெல்லாம் தூசி படிந்து, தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தான்.

"யாரப்பா நீ?"

"எனக்குப் பெயர் வைக்கவில்லை, அக்கா. பாதையும் அமையவில்லை. இவங்க பாதை அகலமாகத் தெரிந்தது. பின்னாலேயே வருகிறேன். ஒரு தொந்தரவும் பண்ண மாட்டேன்."

"வரட்டும் அக்கா, பாவம்" என்றாள் புவி. "நீ போன பிறகு எனக்குப் பேச யார் இருக்கிறார்கள்?"

"அதெல்லாம் சரி. கிட்டே வந்துவிடப் போகிறான்."

"தள்ளியேதான் வருவான். இல்லையா தம்பி?"

"தள்ளியேதான் வருவேன்" என்றான் அவன்.

மனதாரத்தான் சொன்னான். ஆனால் பெரிய உடம்பு சின்ன உடம்பை இழுக்கும். சின்னதும் பெரியதை இழுக்கும். அதற்கு யார் மனதும் பொறுப்பில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர்களுக்கு இடையில் இருந்த தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பிறகு ஒரு முறை வெள்ளி தங்கையை எட்டிப் பிடித்து, வாயைத் திறக்கப் போன நேரம். "என்னால் நிற்க முடியவில்லையே!" என்று அந்தப் பெயரில்லாதவன் கதறியது கேட்டது. அடுத்து வெளிச்சம். அப்பாவே இரண்டாகிவிட்டாரோ என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சம்.

அது அடங்கியபோது புவி பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலச் சிவந்து கிடந்தாள். கடல் போய்விட்டது. மோதியவனைக் காணோம். அவனுடைய உடம்பும் அவளுடைய உடம்பும் தெறித்து, நெருப்புத் துண்டுகளாக நாலா பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

"அக்கா! எனக்குக் கண் தெரியவில்லை. ஒரே புகை. எங்கேயோ கரைந்து போகிற மாதிரி இருக்கிறது."

"நான் இங்கேதான் இருக்கிறேன். பயப்படாதே. உன் துண்டுகள் எனக்குத் தெரிகின்றன. இழுத்துப் பிடி, புவி. அப்பா பக்கமாக ஒரு கொத்து விழுகிறது. அதை முதலில் இழு!"

புவி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அந்தக் கொத்து தயங்கி, வளைந்து, திரும்பி வந்தது.

"வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது. இப்போது உன் பின்பக்கம். அது பெரிய துண்டு, விட்டுவிடாதே."

அப்போதுதான் வெள்ளி உணர்ந்தாள். அவள் வழக்கம்போல் சுழன்றுகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போனால் அவள் முகம் மறுபக்கம் திரும்பிவிடும். அவள் திரும்பி வருவதற்குள் தங்கையில் பாதி காணாமல் போயிருக்கும்.

வெள்ளி நின்றாள்.

பிறந்தது முதல் சுழன்ற உடம்பை ஒரே மூச்சில் நிறுத்தியபோது மலைகள் சரிந்தன. அசையாத கடல் ஒரு பக்கமாக எழுந்து, கரை தாண்டிப் போய் விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முகம் தங்கையின் பக்கம். முதுகு அப்பாவின் பக்கம்.

"வெள்ளி!" அப்பாவின் குரல் இடித்தது. "சுழலம்மா! உன் முதுகு காய்கிறது."

"கொஞ்ச நேரம், அப்பா."

"உன் கடல் கொதிக்கிறது, பிள்ளே!"

அவளுக்குத் தெரியாமலா? கரையோரத்தில் நீர் முணுமுணுக்கத் தொடங்கியதையும், ஆவி எழுந்து தோளைச் சுற்றுவதையும் அவள் உணர்ந்துகொண்டுதான் இருந்தாள். "இடது பக்கம் இரண்டு துண்டு, புவி. மேலே ஒன்று. அப்படித்தான். அப்படியே இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கால்கள் மட்டும் தம் பாதையில் போய்க்கொண்டிருந்தன. வேகக்காரியின் கால்கள் ஆயிற்றே! தங்கை பின்தங்கப் பின்தங்க, அவளைப் பார்ப்பதற்காக வெள்ளி முகத்தைப் பின்னோக்கித் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று அப்பா சொன்னாரோ, அதற்கு எதிர்ப்பக்கமாகவே மெல்ல மெல்லத் திரும்பினாள்.

கடைசித் துண்டும் வந்து சேர்ந்தது. பாதி புவியின் மேல் விழுந்தது. மீதி அவளைச் சுற்றி ஓடி, ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டு, ஒரு சின்ன உருண்டையாகியது. அதற்குள் அந்தப் பெயரில்லாதவனும் இருந்தான். கடைசியில் அவனுக்கும் ஒரு பாதை கிடைத்துவிட்டது.

வெள்ளி பழையபடி சுழலப் பார்த்தாள். முடியவில்லை. உடம்பு எதிர்ப்பக்கம் பழகிவிட்டது, அதுவும் ஊர்வது போல மெதுவாக. கடல் முழுதும் ஆவியாகிப் போயிருந்தது. பாறைகளிலிருந்து புகை கிளம்பி, தடித்த மேகமாகி, ஒரு விரல் இடமும் விடாமல் அவளைப் போர்த்தியது. உள்ளே வந்த சூடு வெளியே போகவில்லை. அப்பாவின் காலடியில் ஓடும் புதனைவிட அவள் அதிகமாகக் கொதித்தாள்.

நெடுங்காலம் கழித்து, ஒரு சந்திப்பில் புவி கூப்பிட்டாள். அவள் ஆறியிருந்தாள். அவளுக்குப் புதிய கடல் வந்திருந்தது.

"அக்கா, என் கடல் இப்போது ஏறி ஏறி இறங்குகிறது. இந்த நிலாதான் இழுக்கிறது. நீ இருக்கிறாயா? உன் முகத்தைக் காணோமே!"

"மேகத்துக்குள் இருக்கிறேன். என்னால் உன்னைப் பார்க்க முடியவில்லை. நீ முழுசாக இருக்கிறாய் அல்லவா?"

"முழுசாக இருக்கிறேன்." புவியின் குரல் உடைந்தது. "உன் கடல்?"

"போய்விட்டது" என்றாள்.

"அப்படியானால் நிலாவை நீ வைத்துக்கொள், அக்கா. நீ பொறுக்கிச் சேர்த்ததுதானே?"

"சீ, அது உன் உடம்பு. இங்கே வந்தால் அதற்கும் ஆகாது. உன்னிடமே இருக்கட்டும்."

அந்தச் சந்திப்பு முடியும் முன்பே தூசி அடங்கத் தொடங்கியது. குரல்கள் மெலிந்தன. "அக்கா" என்று புவி இன்னொரு முறை கூப்பிட்டாள். அது பாதி வழியிலேயே நின்றுபோனது. ஞாயிறும் வெள்ளியிடம் ஏதோ சொன்னார். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய வெளிச்சம் மட்டும் அவள் போர்த்தியிருந்த மேகத்தின் மேல் விழுந்தது. வேறெந்தக் கோளும் அப்படி ஒளிர்ந்ததில்லை.

அன்று திரும்பியவள்தான் வெள்ளி; இன்றுவரை எதிர்ப்பக்கமாகவே சுழல்கிறாள், அவள் வானில் பொழுது மேற்கில் விடிகிறது. ஒருமுறை தன்னைத் தானே சுற்றி முடிப்பதற்குள் அப்பாவை ஒரு சுற்று சுற்றிவிடுகிறாள். அவளுக்கு நிலா கிடையாது. ஆனால் புவியின் பக்கத்தில் வரும் ஒவ்வொரு முறையும், மேகத்துக்குள்ளிருந்து ஏறக்குறைய அதே முகத்தைத்தான் தங்கைக்குக் காட்டிக்கொண்டு போகிறாள்.