பண்ணையார் கேட்ட வாயு

கருங்கரட்டுப்பட்டியில் ஊர்ப்பொதுவான சாண வாயுக் கலன் ஒன்று இருந்தது. முப்பது வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. சாணம் கரைத்து ஊற்றுகிற வேலை மூக்கம்மாவுடையது.

அடைமழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்த ஒரு காலையில், ஊரிலேயே அதிக மாடு வைத்திருந்த பண்ணையார் வைத்திலிங்கம், கலனருகே சாணம் கரைத்துக்கொண்டிருந்த மூக்கம்மா முன் வந்து நின்றார். பின்னால் அவருடைய மாடு மேய்க்கிற சடையன், கையில் கடப்பாரையோடு.

"சாணத்துல பாதி என் மாடு போட்டது. அந்த வாயுவைத் தனியாப் பிரிச்சு என் வீட்டுக்கு விடு. இல்லேன்னா குழாயைப் பிடுங்கிடுவேன்."

கலந்த வாயுவை யார் பிரிப்பது? கூடியிருந்த பெண்கள் பதறிப்போனார்கள். மூக்கம்மா சொன்னாள்:

"பிரிச்சுடறேங்க ஐயா. உங்க வைக்கோலைத் தின்னு போட்ட சாணம் உங்களுது. ஊர்ப் புறம்போக்குல மேய்ஞ்சு போட்டது ஊரோடது. சாணத்தை நீங்க பிரிச்சுக் கொண்டாங்க, வாயுவை நான் பிரிக்கிறேன்."

"என் மாடு வைக்கோல்தான் தின்னுது!" என்று பண்ணையார் கத்தினார்.

சடையன் மெதுவாகச் சொன்னான்: "வைக்கோல் தீர்ந்து ரெண்டு மாசமாச்சுங்களே. புறம்போக்குலதானே மேய்க்கிறேன்?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். பண்ணையார் வேட்டியை உதறிக்கொண்டு நடந்தார். அவர் தெரு திரும்பி மறைந்த பிறகுதான் மூக்கம்மா சேற்றிலேயே உட்கார்ந்தாள்.