மருதப்பன் நண்டான கதையும் மூன்று பிடி விளைச்சலும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், நீரூர் நாடு என்று ஒரு நாடு இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் வயல். வயலுக்கு வயல் வரப்பு. அந்த நாட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகுவதே வரப்பின் மேல்தான். விழுந்தாலும் சேற்றில்தான் விழும், அடிபடாது.

அங்கே மருதப்பன் என்று ஒரு விவசாயி இருந்தான். அவன் மனைவி பெயர் வெள்ளத்தாயி. மருதப்பன் போடுகிற வரப்பு நூல் பிடித்தாற்போல் இருக்கும். அவன் வயலில் தண்ணீர் விட்டால் ஒரு மூலையில் கூடவும் நிற்காது, இன்னொரு மூலையில் குறையவும் செய்யாது. கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கெட்டிக்காரர்களுக்கு வருகிற வியாதி அவனுக்கும் வந்திருந்தது. தான் செய்வதுதான் விவசாயம், மற்றவர்கள் செய்வதெல்லாம் சும்மா மண்ணைக் கிளறுகிற வேலை என்று நினைத்தான். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

ஒருநாள் நடவு நேரத்தில் ஒரு மந்திரவாதி அந்த வழியாக வந்தார். பல நாடு சுற்றி வந்த மனிதர். கால் முழுக்கப் புழுதி. வெள்ளத்தாயி அவருக்கு ஒரு சொம்பு நீராகாரம் கொடுத்தாள். குடித்து முடித்தவர், மடியிலிருந்து ஒரு பிடி விதையை எடுத்து மருதப்பனிடம் நீட்டினார். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று எல்லா நிறத்திலும் அதில் விதை இருந்தது.

“எட்டு நாட்டு விதைப்பா. வச்சுக்க.”

“இதெல்லாம் கோழித் தீவனம் ஐயா. நெல்லு வெளையற ஊர்ல இதை எவன் திம்பான்?” என்று சிரித்த மருதப்பன், அந்த விதையை வாய்க்காலில் நின்ற வாத்துக் கூட்டத்துக்கு வீசிவிட்டான்.

மந்திரவாதிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

“வரப்பைத் தாண்டி உலகமே இல்லைன்னு நெனைக்கிற. சரி, வரப்புலேயே இரு” என்றார், அவ்வளவுதான்.

மருதப்பன் நின்ற இடத்தில் ஒரு வயல் நண்டு கிடந்தது. வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை ஒழுக விடுமே, இத்தனை வருஷமாக அவன் மண்வெட்டியோடு துரத்தித் துரத்தி அடித்தானே, அதே ஜாதி நண்டு.

வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வெள்ளத்தாயி அழக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பாய்ந்து போய்ப் புருஷனைத் தூக்கி ஒரு பானைக்குள் போட்டு மூடினாள். அதற்குப் பிறகுதான் மந்திரவாதியின் பக்கம் திரும்பினாள்.

“சாமி, விதையை வீசினது அவரு. நீராகாரம் குடுத்தது நானு. எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?”

நியாயமான கேள்வி. மந்திரவாதி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு பையிலிருந்து ஒரு பழைய முறத்தை எடுத்துக் கொடுத்தார்.

“இது பறக்கும் முறம். மூணு தட்டு தட்டினா வரப்பே இல்லாத நாட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். ஏறினவங்களுக்கு எந்த ஊருப் பேச்சும் புரியும். அப்படி மூணு நாட்டுக்குப் போ. ஒவ்வொரு நாட்டுலயும் உன் கையால பாடுபட்டு, அந்த மண்ணு குடுக்கிற விளைச்சல்ல ஒரு பிடி இவனுக்குக் குடு. தின்னுட்டு இவனே இன்னொரு பிடி கேக்கணும். மூணு நாட்டுலயும் கேட்டுட்டா மனுசனாயிடுவான்.”

“எத்தனை நாளைக்குள்ள சாமி?”

“நண்டு ஓடு கழட்டும், பார்த்திருப்ப. ஒவ்வொரு ஓட்டோடயும் இவன் பேச்சுல கொஞ்சம் போயிடும். மூணாவது ஓடும் முழுசாக் கழண்டுட்டா, அப்புறம் வெறும் நண்டுதான்.”

வெள்ளத்தாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். “பாடுபடறதுக்கு நான் பயப்படலை. ஆனா கேக்க வேண்டியது இவரா? இருபது வருசத்துல இவரு யாருகிட்டயும் எதையும் கேட்டதே இல்லையே.”

“அதனாலதான்” என்று சொல்லிவிட்டு மந்திரவாதி நடையைக் கட்டினார்.

பானையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளத்தாயி முறத்தில் ஏறினாள். ஒரு தட்டு தட்டினாள், இரண்டு தட்டு தட்டினாள், மூன்று தட்டு தட்டினாள். முறம் பறந்தது.

முதலில் இறங்கிய இடம் மலை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சரிவு, சரிவெல்லாம் காடு. அந்த ஊர்க்காரர்கள் காட்டில் ஒரு துண்டை வெட்டிக் காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். ஏர் கிடையாது, மாடு கிடையாது. இரண்டு வருஷம் விளைந்ததும் அந்தத் துண்டைக் காட்டிடமே விட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போவார்கள். பல வருஷம் கழித்து, மரம் வளர்ந்த பிறகு, பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள். இந்தியாவின் வடகிழக்கு மலைகளிலும் அமேசான் காட்டிலும் இன்றைக்கும் இப்படி விவசாயம் செய்கிறவர்கள் உண்டு, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு மலைக்காரி வெள்ளத்தாயிக்குத் தன் நிலத்துக்கு மேலே ஒரு துண்டு ஒதுக்கிக் கொடுத்தாள். விதையும் கொடுத்தாள். பானைக்குள்ளிருந்து மருதப்பன் எட்டிப் பார்த்தான்.

“இது என்ன புள்ள, நெலமா இது? ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. மொதல்ல வரப்பைப் போடு.”

நீரூர்க்காரர்கள் செய்கிற தப்பு இதுதான். சமமாக இல்லாத மண்ணைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. வெள்ளத்தாயி மூன்று நாள் பாடுபட்டுச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி வரப்புப் போட்டாள். மலையில் படி படியாக வயல் அமைக்கிற நாடுகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கியவர்கள். இவள் போட்டது வெறும் மண் வரப்பு. மழை வந்தது. வரப்புக்குள் தண்ணீர் தேங்கியது. மருதப்பன் பானைக்குள் சந்தோஷமாக இருந்தான். விடிந்து பார்த்தால் வரப்பும் இல்லை, நிலமும் இல்லை. மொத்தமும் சரிந்து, கீழே இருந்த மலைக்காரியின் பூசணியையும் சோளத்தையும் மூடிவிட்டது.

மலைக்காரி சேற்றைப் பார்த்தபடி நின்றாள்.

“உங்க ஊர்ல தண்ணி நின்னா சோறு. எங்க ஊர்ல தண்ணி நின்னா மலை எறங்கும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.”

வெள்ளத்தாயிக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வருஷம் முழுவதும் மலைக்காரியோடு காட்டுக்கிழங்கு தோண்டி, விறகு சுமந்து, அவள் குடும்பத்தோடு அரை வயிறு சாப்பிட்டாள். அந்த வருஷக் கடைசியில் மருதப்பனின் முதல் ஓடு கழன்றது. கழன்றதும் ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. மனைவியைக்கூட ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டான்.

அடுத்த வருஷம் அவள் கேட்டுக் கேட்டுச் செய்தாள். கூரான குச்சியால் குழி, குழிக்கு நாலு விதை. சோளம், பூசணி, அவரை, மிளகாய் எல்லாம் ஒரே துண்டில் கலந்து கிடந்தன. ஒன்று மேலே போயிற்று, ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு ஏறிற்று, ஒன்று தரையை மூடி மண்ணைப் பிடித்துக்கொண்டது. விளைந்த சோளக்கதிரைச் சுட்டு ஒரு பிடி உதிர்த்துப் பானையில் போட்டாள்.

மருதப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தின்றான். நண்டு எப்படி முகம் சுளிக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். தின்று முடித்துப் பானை விளிம்புக்கு ஏறி வந்தான்.

“உப்பு கம்மி. இருந்தாலும் இன்னொரு பிடி போடு.”

ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. முறம் பறந்தது.

இரண்டாவது இடத்தில் நிலமே இல்லை. பெரிய ஏரி. ஏரியின் மேல் தோட்டம் மிதந்தது. தண்ணீரில் வளர்கிற புல்லையும் பாசியையும் திரட்டி, அடிச்சேற்றை அள்ளி மேலே போட்டு, நீளநீளமான மேடைகளாக மிதக்கவிட்டு, மூங்கில் கழியை ஊன்றி நிறுத்தியிருந்தார்கள். அதில் தக்காளி காய்த்தது. மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், பர்மாவின் இன்லே ஏரிக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். வங்கதேசத்தின் தாழ்வான ஊர்களிலும் மிதக்கும் பாத்திகள் உண்டு.

“நெலம் ஓடுது. கட்டு, கட்டு” என்று மருதப்பன் பானைக்குள் பதறினான்.

இந்த முறை வெள்ளத்தாயி கயிற்றைக் கையில் எடுக்குமுன், தோட்டத்தில் இடம் கொடுத்த படகுக்காரனைக் கேட்டாள். “அண்ணே, நாலு மூலையிலயும் இழுத்துக் கட்டிடட்டுமா?”

“கட்டினா முழுகிடும் தங்கச்சி. ஏரி ஏறினா தோட்டமும் ஏறணும், எறங்கினா எறங்கணும். கழி ஓடாம நிறுத்தும், அவ்வளவு போதும்.”

படகில் இருந்தபடியே நட்டாள், படகில் இருந்தபடியே களை எடுத்தாள், படகில் இருந்தபடியே பறித்தாள். மருதப்பன் ஒரு பிடி தக்காளியைத் தின்றான். சாறு ஓடெல்லாம் வழிந்தது. இந்தத் தடவை உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இந்தா, இன்னொரு பிடி” என்றான். அன்றைக்கே அவனுடைய இரண்டாவது ஓடும் கழன்றது. அதற்குப் பிறகு அவனிடம் மிஞ்சியவை மூன்றே சொற்கள்: வரப்பு, தண்ணி, தோண்டு.

வெள்ளத்தாயி பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முறத்தில் ஏறினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. முறம் பறந்தது.

மூன்றாவது இடம் புல்வெளி. மங்கோலியா பக்கம். மரம் இல்லை, வேலி இல்லை, வானம் வரைக்கும் புல். அங்கே ஒயூன் என்ற பெண் ஆடும் குதிரையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள், ஒரு கம்பளிக் கூடாரம். புல் தீர்வதற்கு முன்னால் கூடாரத்தைச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடுவாள்.

“நீங்க என்ன வெதைப்பீங்க?” என்று வெள்ளத்தாயி கேட்டாள்.

“ஒண்ணும் வெதைக்க மாட்டோம்.”

“அப்ப என்ன அறுப்பீங்க?”

“புல்லை ஆடு அறுக்கும். நாங்க ஆட்டைப் பார்த்துக்குவோம்.”

வெள்ளத்தாயி ஆடு மேய்த்தாள், பால் கறந்தாள், சாணம் பொறுக்கி அடுப்பெரித்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. விதை இல்லை, கதிர் இல்லை, இதில் விளைச்சல் என்று எதைக் கொடுப்பது? பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு ஊற்று இருந்தது. அதைச் சுற்றி ஈரமான கறுப்பு மண். அவள் மடியில் மலைக்காரி கொடுத்த விதை கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு சின்னப் பாத்தி, ஒரு சின்ன வரப்பு, போதும்.

ஒரு மத்தியானம் மருதப்பனின் ஓட்டில் நீளமாக விரிசல் விட்டிருந்ததைப் பார்த்தாள். மூன்றாவது ஓடு. பானையையும் கூடாரத்து மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள்.

“தோண்டு” என்றான் மருதப்பன். “தண்ணி. வரப்பு. தோண்டு.”

மண்வெட்டியை ஓங்கியவளுக்கு மலைக்காரி நின்ற நிலை ஞாபகம் வந்தது. ஓங்கிய கையைத் தாழ்த்தி, ஆடுகளோடு அந்தப் பக்கமாக வந்த ஒயூனைக் கேட்டாள்.

“இங்க தோண்டலாமா அக்கா?”

ஒயூன் குனிந்து புல்லை விலக்கிக் காட்டினாள். வேர்கள் பாய் பின்னினாற்போல் கிடந்தன.

“இதைக் கிழிச்சா காத்து மண்ணைத் தூக்கிட்டுப் போயிடும். ஊத்து தூர்ந்துடும். இந்தப் பள்ளத்தாக்குல இருக்கறது இந்த ஒரு ஊத்துதான். தோண்டாதேன்னு உன்னை நான் கட்டிப்போட முடியாது. கேட்டதால சொல்றேன்.”

வெள்ளத்தாயி மண்வெட்டியைக் கீழே போட்டாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுதுமுடித்துப் பானைக்குள் பார்த்துச் சொன்னாள்.

“நீங்க நண்டாவே இருந்தாலும் நான் வச்சுக் காப்பாத்துவேன். இவங்க ஊத்தைத் தூர்த்து உங்களை மீட்டா, அந்தச் சோறு நமக்குச் செரிக்காதுங்க.”

ஒயூன் அவளைக் கூடாரத்துக்குக் கூட்டிப்போனாள். கூரைமேல் உலரப் போட்டிருந்த தயிர்க்கட்டிகள் நன்றாகக் காய்ந்திருந்தன. வெள்ளத்தாயி கறந்த பாலில், வெள்ளத்தாயி காய்ச்சி உறைய வைத்தது.

“இதுதான் எங்க மண்ணோட விளைச்சல். புல்லு பாலாச்சு, பாலு இதாச்சு. குடுத்துப் பாரு.”

ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி வைத்தார்கள். ஓடு பாதி கழன்ற நண்டு தள்ளாடிப் போய்த் தின்றது. மெதுவாகத் தின்றது. கிண்ணம் காலியாயிற்று.

“கேளுங்க” என்றாள் வெள்ளத்தாயி. “இன்னொரு பிடின்னு சொல்லுங்க.”

நண்டு வாயைத் திறந்தது. “வரப்பு” என்றது. “தண்ணி” என்றது. அதுவல்ல என்று அதற்கே தெரிந்தது போலும், நிறுத்திக்கொண்டது. ஓடு கால்வாசிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

தரையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். நண்டு கொடுக்கால் காலிக் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளிற்று, நின்று மூச்சு வாங்கிற்று, மறுபடி தள்ளிற்று. கிண்ணம் ஒயூனின் முழங்காலில் போய் இடித்தது.

“இன்னும் கேக்கறாரு” என்றாள் ஒயூன், சாதாரணமாக. எடுத்து இன்னொரு பிடி போட்டாள்.

ஓடு இரண்டாகப் பிளந்தது. கூடாரத்தின் நடுவில் மருதப்பன் உட்கார்ந்திருந்தான், இளைத்துப்போய், தாடி வளர்ந்து, கையில் கிண்ணத்தோடு. “வெள்ளத்தாயி” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அவனை ஒரு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். அவள் செய்தது சரிதான் என்பது என் கருத்து.

கொஞ்ச நேரம் கழித்து மருதப்பன் ஒயூன் பக்கம் திரும்பினான். தயங்கினான்.

“ஒரு பள்ளத்தாக்குல எத்தனை நாளு மேயவிடுவீங்கம்மா? புல்லு தீரப்போவுதுன்னு எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?”

அவன் வாழ்க்கையில் இன்னொருவரிடம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் கேள்வி அது. பதில் நீளமானது, அதனால் ஒயூன் தேநீர் வைத்தாள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். உங்களுக்கு என் வாயிலிருந்து இன்றைக்கு விளைந்தது இவ்வளவுதான். எழுந்து கை கழுவுங்கள், சோறு ஆறுகிறது.