குளத்துல குளிச்ச உத்திரம்

ஒரு ஊர்ல பவளாயி, பவளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். சொந்த வீடு கட்டணும்னு மூணு வருஷமா மண்ணை மிதிச்சு மிதிச்சு, நாலு பக்கமும் மண்சுவர் எழுப்பிட்டாளாம். எழுப்பி என்ன பண்ண? கூரையைத் தாங்க உத்திரம் வேணுமே! மேற்கால மேகம் வேற திரளுது. கூரை ஏறுறதுக்குள்ள மழை பிடிச்சா சுவரெல்லாம் கூழாக் கரைஞ்சுடும். அப்புறம் இன்னும் மூணு வருஷம் மாமியாரோட ஆட்டுக் கொட்டாயிலதான் குடித்தனம். அந்த மாமியார் விடுற குறட்டைக்கு ஆடே எழுந்து வெளியில போயிடுமாம். சிரிக்காதீங்கடா, அவ பாடு அவளுக்கு.

அந்த ஊருக்கு மரவாடி ஒண்ணே ஒண்ணு. அதை வச்சிருந்தவன் சிங்காரம். அவன்கிட்ட மரம் வாங்கின வீட்டுல எல்லாம் உத்திரம் கோணிக்கிட்டு நிக்கும், ஜனங்க நடுவீட்டுல குனிஞ்சு குனிஞ்சே நடப்பாங்க. கேட்டா, "நம்ம ஊர்க் காத்து அப்படி"ம்பான்.

பவளாயி போனா. "அண்ணே, எந்நேரமும் கண்ணுல படுற உத்திரம். நூல் பிடிச்சாப்புல நேரா வேணும்."

"ஒத்தைக் கண்ணை மூடிப் பாரு தாயி!"

பார்த்தா. மரம் பாதி மரத்தூள்ல புதைஞ்சு கிடக்கு, மேலாப்புல நேராத்தான் தெரியுது. "புரட்டிக் காட்டு அண்ணே"ன்னா. "ஐயையோ, படுத்த மரத்தைப் புரட்டினா வீட்டுக்கு ஆகாது தாயி!"ன்னான். ரெண்டாவது மரத்துக்குப் போனா, புரட்டுன்னா. "ஐயையோ, ஆகாது தாயி!" மூணாவது மரத்துக்குப் போனா, அதுக்கும் "ஆகாது தாயி!" அதோட விட்டானா பாவி, மஞ்சளைக் குழைச்சுக்கிட்டு வந்துட்டான். அந்த ஊர் வழக்கம், உத்திரத்துக்கு மஞ்சள் வெச்சுட்டா அது வாங்கினவங்களுது, கடைக்காரன் திரும்ப எடுத்துக்க வேண்டாம்.

பவளாயி குறுக்க வந்து நின்னா. "இரு அண்ணே. குளிப்பாட்டாம யாராவது மஞ்சள் பூசுவாங்களா? மூணையும் குளத்துல ஒரு முழுக்குப் போட்டுடுவோம்."

தண்ணியில கிடக்கிற மரத்துல கோணல் எவனுக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு, சிங்காரம் வைக்கோல் போட்டு மூடியே மூணையும் வண்டியில கொண்டாந்தான். குளத்தங்கரையில ஊரே கூடிடுச்சு. கூட்டத்தைக் கண்டதும் அவனுக்கு வீராப்பு தாங்கல. "என் மரத்துல கோணல் இருந்தா, என் புது வீட்டுக்கு எடுத்து வெச்ச உத்திரத்தையே பவளாயிக்குத் தரேன், கோணலை நான் என் வீட்டுல ஏத்திக்கறேன்!"னுட்டான்.

முருங்கைக்காயை அலசிப் பார்த்தவனா இருந்தா அப்படிச் சொல்லியிருப்பானா? வளைஞ்ச காய் தண்ணியில பக்கவாட்டுலதான் படுக்கும். முதல் மரம் தொப்புனு விழுந்துச்சு, ஒரு உருளு உருண்டு அரிவாள் கணக்கா மிதந்துச்சு. ரெண்டாவதும் அரிவாள். மூணாவதும் அரிவாள்! "அடப்பாவி, காத்துன்னியேடா!"ன்னு ஊரே அவனைப் பிடிச்சுக்கிச்சு.

அப்புறம் என்ன, அவன் தன் புது வீட்டுக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்த மரம் குளத்தங்கரைக்கு வந்துச்சு. பவளாயி அதையும் விடல, குளத்துல போட்டுப் பார்த்தா. எப்படி உருண்டாலும் நேரா இருந்துச்சு. தன் கையால மஞ்சள் வெச்சா. ஆசாரி அன்னைக்கே உத்திரத்தை ஏத்தி, ரெண்டு நாள்ல கூரையும் போட்டு முடிச்சாரு, மூணாம் நாள் பேய் மழை. ஒரு பிடி மண்ணு கரையலையே! பவளாயி அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்துக்கிட்டே அழுதுட்டா.

சிங்காரத்தோட புது வீட்டுல கோணல் உத்திரத்தை ஏத்த வந்த ஆசாரி சொன்னாரு, "வளைஞ்ச வயித்தை மேல் பக்கமா புரட்டி வெச்சா, கூரைப் பாரத்துல ஓரளவு சரியாயிடும்." உடனே சிங்காரம் பொண்டாட்டி முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு வந்துட்டா. "புரட்டினா வீட்டுக்கு ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க, நம்ம வீடு மட்டும் கெடணுமா? வாடியில வயிறு கீழதானே கிடந்துச்சு, அப்படியே ஏத்துங்க!"

பொய்யின்னு சொல்ல வாய் வருமா அவனுக்கு? அப்படியே ஏத்தினாங்க. காலையில எழுந்தா சிங்காரம் தலை உத்திரத்துல மடார், சாப்பிட வந்தா மடார், யாரோ கூப்பிடுறாங்கன்னு ஓடினா மடார்!

பவளாயி வீட்டுல நிமிர்ந்து நடந்தாங்க, சிங்காரம் நெத்தியில எலுமிச்சம்பழம் காய்ச்சுத் தொங்குச்சு. ஊரான் தலையில கோணலைக் கட்டினா அது நம்ம தலையிலதான் இடிக்கும். கதை கூரை ஏறிடுச்சு, கண்ணை மூடுங்க.